மீரா மங்கும்போது உண்மையில் எவ்வளவு குறைகிறது?

பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சீட்டஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் மீரா என்ற சிவப்பு நட்சத்திரத்தைச் சென்ற ஆண்டு வெறுங்கண்ணால் பார்த்தீர்கள். இப்போது அதே இடத்தில் ஒன்றுமில்லை, ஆனால் செல்பேசிச் செயலி அது அங்கேதான் இருப்பதாகக் காட்டுகிறது. அது ஆயிரம் மடங்கு மங்கக்கூடியது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "சில மாதங்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும் நட்சத்திரம் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்பும்? அது செத்துக்கொண்டிருக்கிறதா? திருவாதிரை போல வெடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அத்தனை ஆற்றலும் எங்கே போய், எங்கிருந்து திரும்பி வருகிறது?

போகவே இல்லை என்பதுதான் பதில். மீரா மங்கும்போது நம் கண்ணுக்கு எட்டும் ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு குறைகிறது. நட்சத்திரம் வெளிவிடும் மொத்த ஆற்றலோ இரண்டு, இரண்டரை மடங்கு அளவில்தான் ஏறி இறங்குகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பது புரிந்துவிட்டால் மற்றவை எளிது. நான் இயற்பியல் படித்தவன். மாறொளி நட்சத்திரங்களைப் பைனாகுலராலும் சிறு தொலைநோக்கியாலும் பார்த்து ஒளியை மதிப்பிடும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. நட்சத்திரத்தின் உட்புறத்தைக் கணினியில் கட்டிப் பார்க்கும் கோட்பாட்டு ஆய்வு என் துறை இல்லை. அந்தப் பகுதிக்கு வரும்போது அத்துறையினரின் ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

முதலில் அந்த 'ஆயிரம் மடங்கு'. நட்சத்திரங்களின் ஒளியை மேக்னிட்யூட் என்ற எண்ணால் குறிக்கிறோம். எண் கூடினால் ஒளி குறைவு, 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. சாதாரணமான ஒரு சுற்றில் மீரா உச்சத்தில் 3.4 வாக்கிலும் அடியில் 9.3 வாக்கிலும் இருக்கும். அதாவது ஏறக்குறைய 230 மடங்கு. நல்ல ஆண்டுகளில் 2.0 வரை ஏறியிருக்கிறது, மோசமான சுற்றுகளில் 10க்குக் கீழேயும் போயிருக்கிறது. இந்த இரண்டு எல்லைகளையும் எடுத்துக்கொண்டால்தான் ஆயிரத்தைத் தாண்டிய எண் கிடைக்கிறது. ஒரே சுற்றில் அப்படி நடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1779இல் அது ரோகிணிக்குக் கிட்டத்தட்ட இணையாக ஒளிர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. வெறுங்கண்ணின் எல்லை நல்ல இருட்டில் 6. எனவே ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி நாட்கள் மீரா கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். நீங்கள் பார்த்திருப்பது அப்படியொரு நாளில்.

ஒரு சுற்றுக்குச் சராசரியாக 332 நாட்கள். ஏறுவதற்கு நான்கு மாதம், இறங்குவதற்கு ஏழு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இது உறுதியான விஷயம், ஏனென்றால் இதற்குப் பின்னால் நானூறு ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. 1596 ஆகஸ்டில் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் டேவிட் ஃபாப்ரீசியஸ் என்ற பாதிரியார் ஒரு கோளின் இடத்தை அளப்பதற்காகப் பக்கத்திலிருந்த நட்சத்திரம் ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். அது சில வாரங்களில் இன்னும் பிரகாசமாகி, அக்டோபருக்குள் காணாமல் போனது. அந்தக் காலத்து அறிவுப்படி, திடீரென்று தோன்றி மறையும் புதுமீன் என்று அதை நினைத்தார். 1609இல் அதே இடத்தில் மறுபடி பார்த்தார். இதற்கு நடுவில் 1603இல் யோஹான் பேயர் தன் வரைபடத்தில் இதற்கு ஓமிக்ரான் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டார், இது மாறும் நட்சத்திரம் என்பது தெரியாமலே. 1638இல் ஹோல்வார்டா பதினொரு மாதக் கணக்கைக் கண்டுபிடித்தார். 1662இல் ஹெவேலியஸ் இதற்கு மீரா என்ற பெயரை வைத்தார். 1667இல் பூலியோ 333 நாள் என்றார். தொலைநோக்கி இன்னும் பச்சைக் குழந்தையாக இருந்த காலத்தில் இன்றைய கணக்குக்கு ஒரே நாள் வித்தியாசத்தில் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

சரி, ஆற்றல் விஷயத்துக்கு வருவோம். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின் அளவுக்குச் சூடானது. மீராவின் மேற்பரப்பு 3,000 கெல்வின் வாக்கில்தான். அவ்வளவு குளிர்ந்த பொருள் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராகவே வெளிவிடும். நம் கண் பார்க்கும் ஒளி, அந்தக் கதிர்வீச்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுதான். கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பை நினைத்துப் பாருங்கள். செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது சற்று நேரத்தில் கறுத்துவிடும், ஆனால் கை வைத்தால் கொப்பளித்துவிடும். சூடு கொஞ்சம் இறங்கினாலே கண்ணுக்குத் தெரியும் ஒளி முதலில் காலியாகிவிடுகிறது. இதை எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு பரப்பு 3,000 கெல்வினிலிருந்து 2,500 கெல்வினுக்கு இறங்கினால் அதன் மொத்தக் கதிர்வீச்சு ஏறக்குறைய பாதியாகும். நம் கண் நன்றாக உணரும் பச்சை-மஞ்சள் ஒளியோ ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இது புரிவதற்காகப் போட்ட எளிய கணக்கு, மீராவின் துல்லியமான எல்லைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு மடங்கு மட்டும் போதாது, நமக்கு 230 வேண்டும். மிச்சத்தைச் செய்வது டைட்டானியம் ஆக்ஸைடு. சூரியன் போன்ற சூடான நட்சத்திரத்தில் மூலக்கூறுகள் நிலைக்காது, பிய்ந்துவிடும். மீராவின் வெளி அடுக்கு குளிரக் குளிர டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து மூலக்கூறாகின்றன. இந்த மூலக்கூறு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பட்டை பட்டையாக விழுங்கிவிடும். மீராவின் நிறமாலையைப் பார்த்தால் அந்தக் கறுப்புப் பட்டைகள் பளிச்சென்று தெரியும், அடி ஒளிக்குப் போகப் போக அவை ஆழமாகும். விழுங்கிய ஆற்றல் தொலைந்துவிடவில்லை, அகச்சிவப்பாக வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் அகச்சிவப்புக் கருவியில் பார்க்கிறவருக்கு மீரா ஒருபோதும் மறைவதில்லை. 2 மைக்ரான் அலைநீளத்தில் அது எப்போதுமே வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்று, அங்கே ஏற்ற இறக்கமும் ஒரு மேக்னிட்யூடுக்கு உள்ளேதான்.

அப்புறம், அது ஏன் ஏறி இறங்க வேண்டும்? நட்சத்திரம் உண்மையிலேயே விரிந்து சுருங்குகிறது. நம் உள்ளுணர்வுக்கு மாறாக, அது பெரிதாக இருக்கும்போது மங்கலாகவும் சுருங்கிச் சூடேறியிருக்கும்போது பிரகாசமாகவும் இருக்கிறது. மீராவின் ஆரம் சூரியனைப் போல 300, 400 மடங்கு. நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியின் பாதை அதற்குள்ளே போய்விடும். இவ்வளவு பெரிய உடலில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு சூரியனின் நிறைதான் என்று மதிப்பிடுகிறார்கள். அதனால் வெளி அடுக்குகள் மிகவும் நெகிழ்வானவை, ஈர்ப்பின் பிடி அங்கே தளர்ந்திருக்கிறது. அந்த அடுக்குகளுக்குக் கீழே ஹைட்ரஜன் அயனியாகும், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரியும், ஒரு பகுதி உண்டு. நட்சத்திரம் சுருங்கும்போது அந்தப் பகுதி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, விரியும்போது விட்டுவிடுகிறது. சரியான நேரத்தில் பிடித்து சரியான நேரத்தில் விடுவதால் அசைவு அடங்கிப்போகாமல் தொடர்கிறது.

இந்த இடத்தில்தான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நட்சத்திரம் துடிக்கிறது என்பதில் சந்தேகமே கிடையாது. முழு உடலும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும் அடிப்படை அதிர்வுதான் இது என்பதும் இப்போது உறுதி. அதில்கூட நெடுநாள் சண்டை இருந்தது. நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஆயிரக்கணக்கான சிவப்பு ராட்சத நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த தரவுகள் 1990களில் கிடைத்த பிறகுதான் அது தீர்ந்தது. ஹைட்ரஜன் அயனியாகும் பகுதிக்கு இதில் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். ஆனால் அதே பகுதியில் கொந்தளிக்கும் வெப்பச்சலனம் ஆற்றலின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு போகிறது. அந்தக் கொந்தளிப்பு துடிப்பை எந்த அளவு தூண்டுகிறது, எந்த அளவு தடுக்கிறது என்பது இன்னும் முடியாத கணக்கு. ஒரு சுற்றில் 2.5 வரை ஏறும் நட்சத்திரம் அடுத்த சுற்றில் 4ஓடு ஏன் நின்றுவிடுகிறது என்று யாராவது உறுதியாக விளக்கம் சொன்னால் கொஞ்சம் தயங்கியே கேளுங்கள். அடுத்த உச்சம் எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மீரா இருக்கும் தூரமும் முழுத் துல்லியமாகத் தெரியாது, வழக்கமாகச் சொல்லும் 300 ஒளியாண்டு என்ற எண்ணைச் சுமார் பத்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ படிக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் பின்னணியில் எவ்வளவு அசைகிறது என்று அளந்துதான் தூரத்தைக் கணக்கிடுகிறோம். வானில் வட்டமாகத் தெரியும் மீராவின் தட்டே அந்த அசைவைவிடப் பெரியது. போதாக்குறைக்கு அந்தத் தட்டு சீரான வட்டமும் இல்லை, ஒருபக்கம் பிரகாசமும் ஒருபக்கம் மங்கலுமாக மாறிக்கொண்டே இருக்கிறது. எதன் நடுவை அளப்பது என்பதே பிரச்சினை.

அது செத்துக்கொண்டிருக்கிறதா என்றால், நட்சத்திரங்களின் காலக்கணக்கில் ஆமாம். ஆனால் நீங்கள் பார்த்த மங்கலுக்கும் சாவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மீராவின் நடுவில் ஹைட்ரஜனும் தீர்ந்துவிட்டது, ஹீலியமும் தீர்ந்துவிட்டது. கார்பனும் ஆக்ஸிஜனும் நிறைந்த கருவைச் சுற்றி மெல்லிய அடுக்குகளில் மட்டும் எரிதல் நடக்கிறது. துடிப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதிர்ச்சி அலை ஒன்று வெளி அடுக்குகளின் வழியாகப் புறப்பட்டு வருகிறது. உச்ச ஒளியை ஒட்டி நிறமாலையில் தோன்றும் பிரகாசமான ஹைட்ரஜன் கோடுகள் அதற்குச் சாட்சி. அந்த அலை வாயுவை மேலே தூக்குகிறது, தூக்கிய இடத்தில் வாயு குளிர்ந்து தூசியாகிறது, தூசியை ஒளி வெளியே தள்ளுகிறது. இப்படித்தான் மீரா தன் உடலைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. 2007இல் கேலெக்ஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கி இதை நேரில் காட்டியது: மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால். நட்சத்திரம் நொடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் விண்வெளி வாயுவைக் கிழித்துக்கொண்டு போகிறது, உதிர்த்த பொருள் பின்தங்கி நிற்கிறது. அந்த வாலில் இருப்பது கடந்த 30,000 ஆண்டுகளில் உதிர்ந்தது. நானூறு ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய நட்சத்திரத்துக்கு இப்படியொரு வால் இருந்ததை 2007 வரை யாரும் அறிந்திருக்கவில்லை.

இந்த உதிரலில் வெறும் ஹைட்ரஜன் மட்டும் போவதில்லை. 1952இல் பால் மெரில், மீரா வகையைச் சேர்ந்த ஆர் ஆண்ட்ரோமிடே உள்ளிட்ட சில குளிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களில் டெக்னீஷியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தத் தனிமத்தின் மிக நீண்ட ஆயுள் கொண்ட வகைக்கே அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். பல நூறு கோடி ஆண்டு வயதான நட்சத்திரத்தில் அது பிறவியிலிருந்தே இருந்திருக்க முடியாது, அங்கேயே அண்மையில் உருவாகியிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் தனிமங்களைச் சமைக்கின்றன என்பதற்கு அதைவிட நேரான சான்று அதற்கு முன் கிடைத்ததில்லை.

வெடிக்குமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானது: இல்லை. திருவாதிரையும் சிவப்பு, அதுவும் மங்கிப் பிரகாசிக்கும், அதனால் குழப்பம் இயல்புதான். ஆனால் திருவாதிரை சூரியனைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் நிறை கொண்டதாக மதிப்பிடப்படும் மீப்பெரு நட்சத்திரம், அது ஒருநாள் சூப்பர்நோவாவாக வெடிக்கும். 2019-20இல் அது மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று பரவிய செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது உமிழ்ந்த பொருள் தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்பதுதான் இப்போது பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். மீராவுக்கு அந்த நிறை கிடையாது. வெளி உடல் முழுவதும் கரைந்தபின் கரு மட்டும் வெள்ளைக் குள்ளனாக, அதாவது எரிதல் நின்றுபோன சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக மிஞ்சும். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்து இந்த வழியில்தான் போகும்.

மீரா தனியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1923இல் ராபர்ட் எய்ட்கன் அதன் அருகே மங்கலான துணை ஒன்றைப் பார்த்தார். அடி ஒளியில் மீரா இருக்கும்போது நமக்கு வரும் வெளிச்சத்தில் துணையின் பங்கும் கலந்திருக்கிறது. மீரா உதிர்ப்பதில் ஒரு பகுதியைத் துணை இழுத்துக்கொள்கிறது. அது வெள்ளைக் குள்ளன் என்பதே இப்போது வலுவான கருத்து, சாதாரண நட்சத்திரமாக இருக்கலாம் என்ற வாதமும் ஒரு கட்டத்தில் எழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். பார்த்தது நூறாண்டுதான் என்பதால் அந்த எண்ணை யார் எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் தற்காலிகம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், தமிழில் எழுதும்போது இதை விட்டுவிட மனமில்லை. மேலே சொன்ன '5 எண்ணுக்கு 100 மடங்கு' என்ற கணக்கை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து, 1891இல் இறக்கும் வரை இங்கேயே வேலை செய்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவும் மீரா வகைதான், சுற்றுக்காலம் 278 நாள் அளவில். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கே அடிவானத்துக்கு மேல் பதினான்கு டிகிரிதான் எழும்பும். ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்களுக்கு அது தெரியவே தெரியாது. அவ்வளவு தாழ்வான மூட்டத்தில், கணக்கில் இருந்த ஒளிக்கும் கண்ணில் பட்ட ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்த கூர்மைக்கு நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி, மறுபடி எப்போது பார்க்கலாம்? சுற்று 332 நாள் என்பதால் உச்சம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 33 நாள் முன்னே நகரும். சில ஆண்டுகளில் ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் வரும், அப்போது மீரா சூரியனுக்கு அருகில் இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒரு முழு வட்டம் முடிய 11 ஆண்டுகள். மாலை வானத்தில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வசதி. நம் பக்கம் முதல் பாதியை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்ளும், ஜனவரிதான் நம்பகமான மாதம். கார்த்திகைக் கொத்துக்குத் தென்மேற்கே ஆல்ஃபா சீட்டி என்ற நட்சத்திரத்தைப் பிடியுங்கள், அதன் மேக்னிட்யூட் 2.5. அங்கிருந்து இன்னும் தென்மேற்காக காமா (3.5), டெல்டா (4.1), அதையும் தாண்டிப் போனால் மீரா. இந்த மூன்றோடும் ஒப்பிட்டு, எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்க மாறொளி நட்சத்திரச் சங்கம் 1911 முதல் உலகம் முழுவதிலிருந்தும் இப்படிப்பட்ட மதிப்பீடுகளைச் சேர்த்து வருகிறது, உங்களுடையதையும் வாங்கிக்கொள்ளும். ஒரே ஓர் எச்சரிக்கை: சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரிய ஆரம்பிக்கும். சட்டென்று பார்த்து, ஒப்பீட்டு நட்சத்திரத்துக்குக் கண்ணை மாற்றி, முதலில் தோன்றிய எண்ணையே எழுதுங்கள். நிலா பெரிதாக இருக்கும் இரவுகளை விட்டுவிடுங்கள்.